கையிருப்பில் ஐந்து இளங்கைகள்

ஜூன் 9, 2015, செவ்வாய்

ஒரு ஹிட் கூட இல்லை. அதுவும் சொந்த மைதானத்தில். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் புதுமுகப் பிட்சர் கிறிஸ் ஹெஸ்டன் இன்றிரவு சிட்டி ஃபீல்டில் நம் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியை 5-0 என்று சுருட்டினார். பந்து உடம்பில் பட்ட மூன்று பேர் மட்டும் முதல் பேஸுக்குப் போனார்கள். மட்டையால் அடித்து அங்கே போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

ஏப்ரலில் தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்ற அணி இது. அப்போது நியூயார்க் முழுக்க நீலமும் ஆரஞ்சும்தான். பிறகு கேப்டன் டேவிட் ரைட் தொடைத் தசை வலி என்று உட்கார்ந்தார். மே மாதம் பரிசோதித்ததில் முதுகுத்தண்டின் துவாரம் சுருங்கியிருக்கிறது என்றார்கள். அவர் போனதும் மட்டைப் பக்கம் ஆளில்லாத வீடாகிவிட்டது.

ஆனால் வீசும் பக்கம் வேறு கதை. லீகில் எந்த அணியும் பொறாமைப்படும் இளம் பிட்சர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இவ்வளவு நல்ல வீச்சும் இவ்வளவு மோசமான அடியும் ஒரே அணியில் இருந்தால் என்ன செய்வது? வீசுபவர்களில் யாரையாவது கொடுத்து அடிப்பவர் ஒருவரை வாங்குவதா, பொறுத்திருப்பதா? வீரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு ஜூலை 31 மாலை 4 மணி. அதுவரை இந்தக் கேள்வியைத்தான் எழுதப் போகிறேன்.

ஜூன் 13, சனி

முதலில் கையிருப்புக் கணக்கு.

மாட் ஹார்வி. 2010 டிராஃப்டில் முதல் சுற்றில், ஏழாவது ஆளாக எடுத்தவர். 2013இல் இதே சிட்டி ஃபீல்டில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டே முழங்கை போயிற்று. 2014 முழுவதும் ஆடவில்லை. இந்த ஏப்ரலில் வாஷிங்டனில் திரும்பிவந்து ஆறு இன்னிங்ஸ் ரன் தராமல் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார்.

ஜேக்கப் டிகிராம். அதே 2010 டிராஃப்ட், ஆனால் ஒன்பதாவது சுற்று, 272ஆவது ஆள். ஃப்ளோரிடாவில் சிறிய கல்லூரியொன்றில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிக்கொண்டிருந்தவரைப் பிட்சராக்கினார்கள். சென்ற மே மாதம் காயம்பட்டவர்களின் இடத்தை நிரப்பத்தான் கூப்பிட்டார்கள். வந்தவர் ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதோடு சீசனை முடித்தார்.

சாக் வீலர். 2011 ஜூலையில் கார்லோஸ் பெல்ட்ரானை ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து வாங்கியவர். இந்த மார்ச்சில் முழங்கை அறுவை சிகிச்சை. ஆண்டு முழுக்க இல்லை.

நோவா சிண்டர்கார்ட். 2012இல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஆர்.ஏ. டிக்கியை, விருதின் சூடு ஆறுவதற்குள் டொராண்டோவுக்கு அனுப்பி, கேட்சர் டிராவிஸ் டார்னோவோடு சேர்த்து வாங்கியவர். டெக்சாஸ்காரர், நீண்ட பொன்னிறக் கூந்தல், பட்டப்பெயர் தோர். மே 12இல் சிகாகோவில் அறிமுகம். மே 27இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு ரன்னே தராமல் வீசியதோடு, தாமே மட்டை பிடித்து 430 அடிக்கு ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். தேசிய லீகில் பிட்சரும் மட்டை பிடிக்க வேண்டும். நம் அணியில் சில நாள் அவர்கள்தான் ஒழுங்காக அடிக்கிறார்கள்.

ஐந்தாவது ஸ்டீவன் மாட்ஸ். இடக்கைக்காரர். இன்னும் லாஸ் வேகஸில், மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கிறார்.

இவர்களோடு 42 வயது பார்டோலோ கோலோன். ஃபாஸ்ட்பாலைத் தவிர வேறெதுவும் அதிகம் வீசாமல் மூலையில் வைத்தே பிழைப்பு நடத்துகிறார். இடக்கை ஜோனத்தன் நீஸும் உண்டு. ஆட்டத்தின் கடைசிப் பூட்டைப் போட ஜெயூரிஸ் ஃபமிலியா.

இதில் ஒருவர்கூடப் பெரும்பணம் கொட்டி வாங்கிய இளைஞர் இல்லை. வாஷிங்டன் இந்த ஜனவரியில் மாக்ஸ் ஷெர்சர் என்ற ஒரே பிட்சருக்கு ஏழு ஆண்டுக்கு 21 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஐந்து லட்சம் டாலருக்குச் சற்று மேல். டிகிராமும் சிண்டர்கார்டும் வாங்குவது அதை ஒட்டித்தான். மேடாஃப் மோசடியில் அடிபட்ட வில்பான் குடும்பத்தின் அணிக்கு இது பெரிய வரம். ஆகவேதான் ஜெனரல் மேனேஜர் சாண்டி ஆல்டர்சன் இவர்களை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்.

ஜூன் 28, ஞாயிறு

மாட்ஸ் வந்துவிட்டார்.

லாங் ஐலண்டின் ஸ்டோனி புரூக் பையன். சின்ன வயதிலிருந்து மெட்ஸ் ரசிகர். 2009இல் இரண்டாவது சுற்றில் எடுத்தார்கள். ஒரு பந்து வீசுமுன் முழங்கை கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து முதல் தொழில்முறை ஆட்டம் ஆட 2012 ஆயிற்று. இன்று சின்சினாட்டிக்கு எதிராக அறிமுகம். முதல் பேட்டரே ஹோம் ரன் அடித்தார். அங்கேயே கலங்கியிருக்கலாம். எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை நின்றார், கொடுத்தது இரண்டே ரன்.

மட்டையிலும் மூன்று முறை போய் மூன்று ஹிட், நான்கு ரன் உள்ளே. 7-2 வெற்றியில் பாதிக்கு மேல் பிட்சர் அடித்தது. கேலரியில் அவருடைய தாத்தா கைகளைத் தூக்கிக்கொண்டு துள்ளியதை தொலைக்காட்சிக் கேமரா திரும்பத் திரும்பக் காட்டியது. வர்ணனையாளர் கேரி கோஹனுக்கு வர்ணிக்கவே பேச்சு எழவில்லை, அவ்வளவு சிரிப்பு.

மேனேஜர் டெரி காலின்ஸ் இனி ஆறு பேர் சுற்று என்கிறார். வழக்கமாக ஐந்து பிட்சர்கள் முறை வைத்து வீசுவார்கள், நடுவில் நான்கு நாள் ஓய்வு. ஆறாவது ஆள் சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரு நாள் கூடுதல். அறுவைக்குப் பின் முதல் சீசன் ஆடும் ஹார்வியின் இன்னிங்ஸைக் குறைக்க இது நல்ல வழி. ஆனால் ஹார்விக்குப் பிடிக்கவில்லை, அவர் மறைக்கவும் இல்லை. பழகிய தாளம் கெடுகிறது என்பது அவர் குறை. பிட்சருடைய தாளத்துக்கு மரியாதை உண்டுதான். ஆனாலும் என் வாக்கு ஆறுக்கே.

ஜூலை 2, வியாழன்

சிகாகோ கப்ஸ் வந்தது, மூன்று ஆட்டத்தையும் அள்ளிக்கொண்டு போனது. 1-0. 11 இன்னிங்ஸ் வரை இழுத்து 2-0. இன்று 6-1. மூன்று நாளில் நாம் எடுத்தது மொத்தமே ஒரு ரன்.

கப்ஸைப் பார்த்தால் நம் கேள்விக்கு மறுபக்கம் தெரிகிறது. அங்கே அணியைக் கட்டும் தியோ எப்ஸ்டீன் பேட்டர்களாகச் சேர்த்துவருகிறார். 2013இல் இரண்டாவது தேர்வில் கிரிஸ் பிரையன்ட், 2014இல் நான்காவது தேர்வில் கைல் ஷ்வார்பர். இளம் பிட்சரின் கை எப்போது ஒடியும் என்று தெரியாது. இளம் பேட்டர் பெரும்பாலும் நின்று ஆடுவார். பிட்சரைப் பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் கணக்கு அது. அப்படித்தான் சென்ற குளிர்காலத்தில் ஜான் லெஸ்டரை வாங்கினார்.

அவர்களிடம் ஷார்ட்ஸ்டாப்புகள் கூடுதல், நம்மிடம் பிட்சர்கள் கூடுதல். மாற்றிக்கொள்ளுங்கள் என்று ரேடியோவில் ஆளாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். போன் போட்டவர்களில் ஒருவர் சிண்டர்கார்டையே தூக்கிக் கொடுக்கச் சொன்னார். ரேடியோவை அணைத்துவிட்டேன்.

நான் எதையும் விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே தாரில் உள்ள வாழைப்பழமெல்லாம் ஒரே வாரத்தில் பழுக்கும். வீட்டுக்கு வேண்டியது போக மற்றதைக் காயாக இருக்கும்போதே சந்தைக்கு அனுப்புவார்கள். எதை வீட்டுக்கு வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயம். ஹார்வி, டிகிராம், சிண்டர்கார்ட், மாட்ஸ் வீட்டுக்கு. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களைப் பற்றிப் பேசலாம்.

ஜூலை 5, ஞாயிறு

மேற்குக் கரை ஆட்டங்கள் நம் ஊரில் ராத்திரி பத்துக்குத் தொடங்கும். தூக்கம் கெட்டாலும் இந்த வாரம் பரவாயில்லை.

வெள்ளியன்று லாஸ் ஏஞ்சலஸில் சிண்டர்கார்ட் எதிரில் கிளேட்டன் கெர்ஷா. சென்ற ஆண்டு சை யங் விருதும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சேர்த்து வாங்கியவர் கெர்ஷா. 2-1 என்று நம் பையன் பக்கம் முடிந்தது. சனியன்று ஹார்வி 4-3 என்று தோற்றார். இன்று மாட்ஸ் ஆறு இன்னிங்ஸ், இரண்டே ஹிட், எட்டு ஸ்ட்ரைக்-அவுட். 8-0.

சிண்டர்கார்ட் மணிக்கு 98 மைல், அதாவது ஏறத்தாழ 158 கிலோமீட்டரில் வீசுகிறார். பிட்சரின் தட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். பந்து வந்துசேர 0.4 விநாடி. அதற்குள் பேட்டர் பந்தைப் பார்த்து, இனம் கண்டு, மட்டையைச் சுழற்ற வேண்டும். கிரிக்கெட் போலத் தரையில் பட்டு எழும் பந்து இல்லை. ஏமாற்றமெல்லாம் காற்றிலேயே நடந்தாக வேண்டும். 98இல் ஒன்று வந்தபின், அதே கையசைவில் 80க்குப் பக்கத்தில் ஒரு கர்வ்பால் வந்து முழங்காலுக்குக் கீழே விழுகிறது. பேட்டர் அதற்குள் சுழன்று முடித்திருப்பார்.

டிகிராமிடம் சேஞ்ச்-அப் இருக்கிறது. ஃபாஸ்ட்பால் போலவே புறப்பட்டு வேகம் குறைந்து சாயும் பந்து. 2011இல் மெட்ஸின் பயிற்சி முகாமான போர்ட் செயின்ட் லூசியில் காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே தோள் அறுவைக்குப் பின் தேறிக்கொண்டிருந்த மெட்ஸ் பிட்சர் யோஹான் சன்டானா அவருக்கு அந்தப் பிடியைக் கற்றுக்கொடுத்தார். ஸ்லைடர் பிட்சிங் கோச் டான் வார்தனின் சொத்து. அணியில் பாதிப்பேர் அதை வீசுகிறார்கள்.

ஜூலை 11, சனி

மாட்ஸுக்கு முதுகோரத் தசையில் கிழிசல். மூன்று வாரம் பந்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. இரண்டே ஆட்டம் ஆடியிருக்கிறார்.

பந்தை எறிவது மனித உடம்பு தாங்கும் எல்லையை ஒட்டிய வேலை. தோள் பின்னால் மடங்கி முன்னால் சுழலும் வேகம் விநாடிக்கு ஏழாயிரம் டிகிரி. அந்த விசையெல்லாம் முழங்கையின் உட்புறத்தில் உள்ள ஒரு சின்னத் தசைநார் மேல் இறங்குகிறது. சுற்றியுள்ள தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அது ஒவ்வொரு பந்துக்கும் அறுந்துபோகாமல் இருக்கிறது. தசை களைத்தால் பாரமெல்லாம் அதன் தலையில்.

1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார். ஒன்றரை ஆண்டு கழித்து ஆடுகளத்துக்கு வந்த ஜான், அதற்குப் பிறகு 164 ஆட்டங்களை வென்றார். அறுவைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஐவரில் ஹார்வி, டிகிராம், வீலர், மாட்ஸ் நால்வருக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. மிஞ்சியவர் சிண்டர்கார்ட் ஒருவர்தான்.

மெட்ஸ் ரசிகர்களுக்கு இந்தக் கதை பழக்கம். 1990களின் நடுவில் ஜேசன் இஸ்ரிங்ஹவுசன், பில் பல்சிஃபர், பால் வில்சன் என்று மூவர். ‘ஜெனரேஷன் கே’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. மூவரும் ஒரே ரொட்டேஷனில் சேர்ந்து வீசியதே இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் அறுவை மேசைக்குப் போனார்கள். இஸ்ரிங்ஹவுசன் மட்டும் பிற்பாடு க்ளோசராக மாறி 300 சேவ் எடுத்தார், பெரும்பாலும் வேறு சட்டைகளில்.

சன்டானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஜூன் 1 அன்று மெட்ஸ் வரலாற்றின் முதல் நோ-ஹிட்டர், எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம். 50 ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்த அணி. தோள் அறுவையிலிருந்து வந்தவர் 134 பந்து வீசினார். நிறுத்துவதா விடுவதா என்று காலின்ஸ் தவித்தது முகத்திலேயே தெரிந்தது. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு சன்டானா மேஜர் லீகில் வீசவே இல்லை.

கையைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. வீசினாலும் தேயும், வீசாமல் வைத்திருந்தாலும் வயது போகும்.

ஜூலை 14, செவ்வாய்

ஆல்-ஸ்டார் ஆட்டம், சின்சினாட்டி. மெட்ஸிலிருந்து போனவர் டிகிராம் ஒருவரே. ஆறாவது இன்னிங்ஸில் வந்தார். வோக்ட், கிப்னிஸ், இக்லேசியாஸ் மூவரும் ஸ்ட்ரைக்-அவுட். மொத்தம் பத்துப் பந்து. மூவரை அப்படி அனுப்பக் குறைந்தபட்சம் ஒன்பது வேண்டும். 272ஆவது தேர்வு!

பாதி சீசன் கணக்கு: 47 வெற்றி, 42 தோல்வி. வாஷிங்டனுக்கு இரண்டு ஆட்டம் பின்னால். ஒன்பது இன்னிங்ஸுக்கு டிகிராம் கொடுப்பது இரண்டரை ரன்னுக்கும் கீழே. ஹார்வியும் சிண்டர்கார்டும் மூன்றை ஒட்டி. இந்த வீச்சுக்குச் சுமாரான மட்டை இருந்திருந்தால் நாம் இப்போது முதலிடத்தில் இருந்திருப்போம். ஞாயிறன்று கர்க் நீயுவென்ஹைஸ் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். சொந்த மைதானத்தில் எந்த மெட்ஸ் வீரரும் அதுவரை செய்யாதது. அப்படிப்பட்ட நாட்கள் விதிவிலக்கு.

ஜூலை 19, ஞாயிறு

செயின்ட் லூயிஸில் 18 இன்னிங்ஸ். இரண்டு ஆட்ட நேரம். 3-1 என்று வென்றோம். இரண்டாவது அல்லது மூன்றாவது பேஸில் ஆளை நிறுத்திக்கொண்டு 26 முறை மட்டை பிடித்ததில் ஹிட் ஒன்று. வெற்றிக்குச் சந்தோஷப்படுவதா, இதற்கு வெட்கப்படுவதா?

கோயில் கேண்டீனில் காலையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். ஃபிளஷிங் பௌன் தெரு விநாயகர் கோயிலுக்கும் சிட்டி ஃபீல்டுக்கும் தூரம் அதிகமில்லை; கேண்டீன் தோசைக்கு வருகிறவர்களில் மெட்ஸ் தொப்பி அணிந்தவர்களும் உண்டு. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், எழுபதுகளின் தொடக்கத்திலேயே இங்கே வந்தவர்.

“விக்கணும்னு சொல்லுதியா தம்பி? இவனுவளுக்கு விக்கத் தெரியாதுடே. 71 டிசம்பர்ல நோலன் ரயனக் குடுத்துட்டு ஃப்ரெகோசிய வாங்குனானுவ. ஷார்ட்ஸ்டாப்ப மூணாவது பேஸ்ல நிப்பாட்டுனானுவ. என்னாச்சு?”

“ரயன் 5,714 ஸ்ட்ரைக்-அவுட், ஏழு நோ-ஹிட்டர். எல்லா நோ-ஹிட்டரும் இங்கிருந்து போனப்புறம்தான், அண்ணாச்சி.”

“2004ல காஸ்மிரக் குடுத்தானுவ. எதுக்கு? சாம்பிரானோவுக்கு! அதான் கேக்கேன்.”

பதில் சொல்லத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு விற்பனையிலும் தவறு, விற்றதில் இல்லை. உலகத்தரமான கையைக் கொடுத்து ஓய்ந்த ஆளை வாங்கியதில். இதே அணி பெல்ட்ரானைக் கொடுத்து வீலரையும், டிக்கியைக் கொடுத்து சிண்டர்கார்டையும் வாங்கியிருக்கிறது. விற்கத் தெரிந்தவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

விற்கவும் வளர்க்கவும் கீழே யார் இருக்கிறார்கள்? மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே, பிங்ஹாம்டனில் மைக்கேல் கன்ஃபோர்டோ, 2014இன் பத்தாவது தேர்வு, இடக்கை பேட்டர். அவருடைய அம்மா 1984 ஒலிம்பிக்கில் நீர் நடனத்தில் தங்கம் வாங்கியவர். பள்ளிகளில் பேஸ்பால் அணியே இல்லாத வயோமிங்கிலிருந்து 2011இல் எடுத்த பிரான்டன் நிம்மோ. ஷார்ட்ஸ்டாப் அமெட் ரொசாரியோ, 19 வயது. முதல் பேஸுக்கு டொமினிக் ஸ்மித். பிட்சர்களில் மைக்கேல் ஃபுல்மர், ஒக்லஹோமா பையன், 2011இன் 44ஆவது தேர்வு. பிங்ஹாம்டனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருக்கிறார். கன்ஃபோர்டோவை மேலே கூப்பிடுங்கள். ஃபுல்மரைச் சந்தைக்கு அனுப்புங்கள்.

ஜூலை 23, வியாழன்

கெர்ஷா வந்து பழி தீர்த்துக்கொண்டார். ஆறு இன்னிங்ஸ்வரை ஒருவரையும் பேஸுக்கு விடவில்லை. ஏழாவதில் நம் கிராண்டர்சன் ஒரு சிங்கிள் அடித்ததும் கூட்டம் கைதட்டியது, கோப்பை வென்ற மாதிரி. 3-0.

இன்றைய பட்டியலில் நான்காவது இடத்தில் ஜான் மேபெரி, சராசரி .170. ஐந்தாவதில் எரிக் கேம்ப்பெல், .179. நான்காவது இடம் அணியின் பலசாலிக்கு உரியது. பத்து முறை போனால் இரண்டு ஹிட்கூட வராதவரை அங்கே நிறுத்தினால் எதிரணி கெர்ஷாவை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

ஜூலை 25, சனி

நேற்று கன்ஃபோர்டோவைப் பிங்ஹாம்டனிலிருந்து நேராகக் கூப்பிட்டார்கள். அட்லாண்டாவிலிருந்து ஹுவான் உரீபேயையும் கெல்லி ஜான்சனையும் வாங்கினார்கள். கொடுத்தது இரண்டு மைனர் லீக் பிட்சர்களை. இன்று அதே டாட்ஜர்ஸை 15-2. கன்ஃபோர்டோ நான்குக்கு நான்கு ஹிட்.

வளர்த்த பேட்டர் ஒருவர், வாங்கிய மூத்தவர்கள் இருவர். பட்டியலின் கீழ்ப்பாதிக்கு உயிர் வந்துவிட்டது. பெரிய மட்டை ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 28, செவ்வாய்

ஞாயிறன்று உரீபேயின் அடியில் பத்தாவது இன்னிங்ஸில் 3-2 வெற்றி. சாக் கிரெய்ங்கி 45 இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே தராமல் வந்துகொண்டிருந்தார். அந்தத் தொடரை முறித்த ரன் உள்ளே வந்தது யார் அடியில்? பிட்சர் டிகிராம் தட்டிவிட்ட தரைப்பந்தில்.

இன்று சான் டியேகோவுக்கு எதிராக சிண்டர்கார்ட் எட்டு இன்னிங்ஸ். ஆறுவரை ஒரு ஆளையும் விடவில்லை. 4-0. அதே நாளில் புல்பென்னில் இருந்த ஹென்ரி மெஹியாவுக்கு ஊக்கமருந்துக்காக இரண்டாவது தடை, 162 ஆட்டம். நல்லவேளை, நேற்றே ஓக்லண்டிலிருந்து டைலர் கிளிப்பர்டை வாங்கியிருந்தார்கள்.

ஜூலை 30, வியாழன்

இரண்டு நாள் கூத்து.

நேற்று ஆட்டம் நடக்கும்போதே மில்வாக்கியின் கார்லோஸ் கோமஸுக்கு வில்மர் ஃபிளோரெஸும் வீலரும் என்று செய்தி பரவியது. கேலரியில் இருந்தவர்கள் போனில் பார்த்துவிட்டு ஃபிளோரெஸிடமே கத்திச் சொல்லிவிட்டார்கள். வெனிசுலாவில் 16ஆம் பிறந்தநாளன்று ஒப்பந்தம் போட்டதிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வீடு இந்த அணி. ஷார்ட்ஸ்டாப்பில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராத்திரி பேரம் முறிந்தது. நாள் முழுக்க ஆட்களைப் பண்டமாக எழுதிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டியதுதான்.

இன்று 7-1 என்று முன்னால் இருந்தோம். ஒன்பதாவதில் இரண்டு அவுட், மழை, நிறுத்தம், மறுபடி ஆட்டம், ஜஸ்டின் அப்டனின் மூன்று ரன் ஹோம் ரன். 8-7. வாஷிங்டன் மூன்று ஆட்டம் முன்னால் இருக்கிறது. நாளை அவர்கள்தான் இங்கே வருகிறார்கள்.

ஜூலை 31, வெள்ளி

கெடு முடியச் சில நிமிடம் இருக்கும்போது செய்தி: டெட்ராய்ட்டிலிருந்து யோயனிஸ் செஸ்பெடஸ். கியூபாக்காரர், எறிகையும் மட்டையும் ஒருங்கே அமைந்தவர். கொடுத்தது மைக்கேல் ஃபுல்மரும் லூயிஸ் செஸ்ஸாவும்.

அண்ணாச்சி உடனே போன் போட்டார். “ரெண்டு மாசத்துக்கு ஒருத்தன், டே! சீசன் முடிஞ்சா அவன் ஒப்பந்தமும் முடிஞ்சுது. அந்த ஒக்லஹோமா பையன் ஆறு வருசம் வீசுவாம் பாத்துக்க.”

“வீசலாம், அண்ணாச்சி. ஆனா நமக்கு இந்த வருஷம்தானே மத்த நாலு பேரு நிக்கிறாங்க?”

இரவு வாஷிங்டனுக்கு எதிராக ஹார்வி எட்டாவது இன்னிங்ஸ்வரை கட்டிப்போட்டார். 1-1 என்று இழுத்து 12ஆவது இன்னிங்ஸ். முதலில் மட்டை பிடித்தவர் அதே ஃபிளோரெஸ். பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியது. 2-1. சட்டையில் உள்ள அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டியபடியே ஓடி வந்தார். இடைவெளி இப்போது இரண்டு ஆட்டம்.

தீர்ப்பை இன்றே எழுதிவைக்கிறேன், அக்டோபரில் யாரும் வசதிப்படி மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக. இளம் பிட்சரின் கையை எவ்வளவு காலம் நம்பலாம் என்று எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்க மாட்டார். நல்ல கைகள் ஒரே நேரத்தில் நான்கு கூடுவது ஒரு அணிக்குத் தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும். அந்த நேரத்தில் ஒரு மட்டை குறைகிறது என்றால், வரிசையில் பின்னால் நிற்கும் கையைக் கொடுத்து அதை வாங்கியாக வேண்டும். ஆல்டர்சன் ஹார்வியையும் டிகிராமையும் சிண்டர்கார்டையும் மாட்ஸையும் தொடவில்லை. ரயனையும் காஸ்மிரையும் விற்றவர்கள் செய்யத் தவறியது இதுதான். ஃபுல்மர் டெட்ராய்ட்டில் பெரிய பிட்சராக வரலாம், வந்தால் கைதட்டுவேன். அப்போதும் இந்த விற்பனை சரிதான்.